ஒன்பது வண்டிகளுக்குச் சொந்தக்காரன்

"மூணு தரம்" என்று சொல்லி நகராட்சி மேனேஜர் மேசையைத் தட்டினார். சுத்தியல் எல்லாம் கிடையாது. ரப்பர் ஸ்டாம்பின் மரப்பிடியால்தான் தட்டினார்.

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். மேலே மின்விசிறி சுற்றுக்கு ஒரு தடவை 'டக்' என்றது.

"பேரு?" என்றார் மேனேஜர்.

"ஏழுமலைங்க."

"எழுந்து நின்னு சொல்லுய்யா. ஒம்போது தள்ளுவண்டிய ஏலத்துல எடுத்திருக்க. மொகத்துல ஒரு சந்தோசத்தையே காணோமே!"

எழுந்து நின்றேன். அன்றைக்கு எனக்குச் சொந்தமாக இருந்தது ஒரு லுங்கி, ஒரு போர்வை, ஒரு அலுமினியத் தட்டு. போட்டிருந்த சட்டைகூட என்னுடையது இல்லை. ஏலத்துக்காக முதலாளி கொடுத்தது. தோளில் தொளதொளவென்று தொங்கியது.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த முதலாளி தனபால் தரையைப் பார்த்தபடியே, உதடு அசையாமல் சொன்னார்: "பாவி. ஒரு தடவைக்கு மேல வாயத் தொறக்காதன்னு சொன்னேனே."

ஒரு தடவைக்கு மேல் நான் வாயைத் திறக்கவே இல்லை, வேறு யாரும் திறக்கவில்லை. அதுதான் நடந்த தப்பு.

சட்டை கொடுத்த வேலை

இந்தத் தொடரை விடாமல் படிக்கிறவர்களுக்கு நான் எந்த ஊரிலும் வேர் பிடித்தவன் இல்லை என்று தெரியும். புதிதாக வருகிறவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். கரும்பு வெட்டியிருக்கிறேன், லாரியில் கிளீனராகப் போயிருக்கிறேன், ஹோட்டல்களில் மாவாட்டியிருக்கிறேன். ஒரு இடத்தில் சோறு பழகிவிட்டால் கால் அரிக்க ஆரம்பித்துவிடும்.

விருத்தாசலத்துக்கு வந்தபோது முதலில் ஒரு பீங்கான் கம்பெனியில் சேர்ந்தேன். பியூஸ் கட்டை செய்கிற சின்னக் கம்பெனி. மூட்டை மூட்டையாக வெள்ளை மண் இறங்கும். அதைச் சலித்துத் தொட்டியில் கொட்டுவது என் வேலை. சாயங்காலம் மூக்கைச் சிந்தினால் கஞ்சி மாதிரி வெள்ளையாக வரும். மழைக்காலத்தில் கட்டைகள் காயாமல் சூளை நின்றது. சூளை நின்றால் கூலியும் நிற்கும். பாலக்கரைப் பக்கம் பழைய இரும்புக் கடை வைத்திருந்த தனபாலிடம் மூட்டை தூக்கப் போனேன்.

அங்கே போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் ஒரு காலையில் முதலாளி கேட்டார்: "டேய் ஏழுமலை, உனக்குக் கையெழுத்து போட வருமா?"

"வரும் மொதலாளி."

"தலையாட்ட வருமா?"

"அது நல்லாவே வரும்."

"அப்ப குளிச்சிட்டு வா. சட்ட தரேன்."

ஒப்புக்குச் சப்பாணி

ஒரு நகராட்சியிடம் என்னவெல்லாம் கழிந்து போகும் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. யோசிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் வராது. தண்ணீர் லாரி ஓடாமல் நின்றுவிடும். குழாய்கள் துருப்பிடிக்கும். தெருவிளக்குக் கம்பம் சாய்ந்துவிடும். பள்ளிக்கூட பெஞ்சு காலொடியும். புயலில் விழுந்த வேப்ப மரம்கூட அரசாங்கச் சொத்துதான், அடுப்புக்கு ஒரு கிளையை ஒடிக்க முடியாது. எல்லாவற்றையும் உரக்கிடங்கில் கொண்டுபோய்ப் போடுவார்கள். அங்கே வருஷக்கணக்கில் கிடக்கும். பிறகு அதிகாரிகள் வந்து பார்த்து, இனி உதவாது என்று எழுதுவார்கள். அதற்குக் 'கண்டம் பண்றது' என்று பெயர். கண்டம் ஆனதற்கு ஒரு மதிப்பு போட்டு, பலகையில் நோட்டீஸ் ஒட்டி, ஏலம் விடுவார்கள்.

ஒரு மாட்டுவண்டியைக்கூட அப்படி விற்றதைப் பார்த்திருக்கிறேன். குப்பை அள்ளிய வண்டி. மாடு செத்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

ஏலத்துக்குக் குறைந்தது மூன்று பேராவது டெபாசிட் கட்டியிருக்க வேண்டும். இரும்புக் கடைக்காரர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் மாமன் மச்சான் மாதிரி. எந்தச் சாமானை யார் எடுப்பது என்று முன்னாலேயே பேசிக்கொள்வார்கள். ஒருவர் சாமானில் இன்னொருவர் வாய் வைக்க மாட்டார். எண்ணிக்கைக்கு மட்டும் எங்களைப் போன்ற ஆட்களைக் கூட்டிப் போவார்கள். முதல் ஆள் சர்க்கார் மதிப்பைச் சொல்வான். அடுத்த ஆள் கொஞ்சம் சேர்த்துச் சொல்வான். அதன்மேல் பேசி வைத்தவர் ஒரு தொகை சொல்லி எடுத்துக்கொள்வார். அப்புறம் எல்லோரும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஒரு மெஸ்ஸில் கூடி, தங்களுக்குள் ஒரு தடவை ஏலம் போட்டுக்கொள்வார்கள். அதற்கு உள் ஏலம் என்று பேர். உண்மையான விலை அங்கேதான் வரும்.

எனக்கு ரெண்டாவது ஆள் வேலை. ஒரு தடவை வாயைத் திறக்கணும். பிறகு மூடிக்கொள்ளணும். கூலியும் உண்டு, மத்தியானம் கறிச்சோறும் உண்டு. மண் சலிப்பதைவிட நல்ல வேலை என்றுதான் நினைத்தேன்.

வண்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா

ஏலத்துக்கு முன்னால் சாமான்களைப் பார்வையிட விடுவார்கள். முதலாளியோடு நானும் உரக்கிடங்குக்குப் போனேன். குப்பையின் புளித்த வாடை. நாய்கள். ஓரத்தில் ஒன்பது தள்ளுவண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடந்தன. சாலை ஆக்கிரமிப்பு என்று அள்ளிக்கொண்டு வந்தவை.

ஒரு வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நாற்பது வயசு மதிக்கத்தக்க ஒரு அம்மா நின்றிருந்தார். காவலாளி தூரத்தில் இருந்தே கத்திக்கொண்டிருந்தார். "யம்மா, கைய எடு. அது கெவருமெண்டு சொத்து."

"பிடிச்சிக்கிட்டுதானய்யா நிக்கிறேன். தூக்கிக்கிட்டா ஓடறேன்? நாலு பேரு தள்ளுனாக்கூட நவுராது இது."

முதலாளியைப் பார்த்ததும் இரண்டடி முன்னால் வந்தார். ஆனால் வலது கை கைப்பிடியைவிட்டு வரவில்லை.

"நீங்கதான் ஏலம் எடுக்குறவங்களா?"

"என்னாம்மா?"

"இது என் வண்டி. கடலூர் ரோட்டுல இட்லி கட போட்டிருந்தன். பவுனுன்னா தெரியும். அடுப்பு வெக்க பலகையில ஓட்ட போட்டிருக்குது பாருங்க, அது நான் சொல்லி அறுத்தது."

"ஆபீஸ்ல கேட்டு வாங்க வேண்டியதுதான?"

"கேட்டன். உன்னுதுன்னு ஒரு சீட்டு கொண்டான்னாங்க. வெல்டிங்காரன் எந்தக் காலத்துல சீட்டு குடுத்தான்? சீட்டு இல்லாம மனு எழுதி என்னா ஆவப்போவுதுன்னு எல்லாரும் சொன்னாங்க, நானும் எழுதல. இப்ப கேக்க ஆளில்லாத வண்டின்னு பலகையில ஒட்டியிருக்காங்க."

இட்லியைக் கூடையில் வைத்துத் தலையில் சுமந்து கம்பெனி கம்பெனியாகப் போய்ப் பார்த்திருக்கிறார். அடுப்பைத் தலையில் சுமக்க முடியாது. "ஆறிப்போன இட்லிய யாரு திம்பா? சூளையில வேல செய்யறவன் சூடா கேக்கறான். கூடையில பாதி திரும்பி வருது, வூட்டுல நாங்களே தின்னுக்கிட்டு கெடக்குறோம்." புது வண்டி செய்ய இப்போது வழி இல்லை. இந்த மாதம் வண்டி வரவில்லை என்றால் திருப்பூருக்குப் போய்விடலாம் என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டிருந்தாராம். "பனியன் கம்பெனியில நூல் பிரிக்கவா நான் பொறந்தன்?" என்றார் பவுனக்கா.

முதலாளி கெட்டவர் இல்லை. தலையைச் சொறிந்தார். "வண்டி எல்லாம் வேப்பூருக்காரருக்குப் பேசியாச்சும்மா. அவரு சாமான்ல நான் கை வெக்க முடியாது."

"அவரு எங்க இருக்காரு?"

"கேட்டாலும் குடுக்க மாட்டாரு. அவருக்கு எல்லாமே கிலோதான்."

பவுனக்கா என்னைப் பார்த்தார். நான் சும்மா வந்தவன் என்று தெரிந்திருக்க வேண்டும். மறுபடி வண்டிப் பக்கமே திரும்பிக்கொண்டார்.

கேட் போட்டுட்டான்

வேப்பூருக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நல்ல பருமன். நெடுஞ்சாலை ஓரத்தில் விபத்து லாரிகளை வாங்கி உடைக்கிறவர். வெள்ளை வேட்டியில் ஒரு துரு இருக்காது. அவர் உட்காரும் மோட்டார்சைக்கிள் பாவம் என்று கடைப் பையன்கள் சொல்வார்கள்.

ஏலத்தன்று வண்டிகள் கடைசியில் வரவேண்டியவை. ஆனால் கமிஷனருக்கு எங்கேயோ அவசரக் கூட்டம். சின்னச் சாமான்களை முதலில் முடித்துவிடுங்கள், தண்ணீர் லாரி ஏலத்துக்கு நான் திரும்பி வந்து உட்காருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மேனேஜர் முதல் சாமானாகவே தள்ளுவண்டிகளைக் கூப்பிட்டார்.

வேப்பூருக்காரர் வந்து சேரவில்லை. தனபால் செல்போனை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். அப்போது செல்போன் வைத்திருந்தவர்கள் அதைக் காதில் வைத்துக்கொண்டு ஊருக்கே கேட்கிற மாதிரிதான் பேசுவார்கள். "எங்கண்ண இருக்கீங்க? ... கேட்டா? ... கூட்ஸா?"

நிலக்கரி ஏற்றிய கூட்ஸ் ஒன்று ரயில்வே கேட்டை மறித்துக்கொண்டு நின்றுவிட்டது. அந்தப் பக்கம் வேப்பூருக்காரர், இந்தப் பக்கம் ஏலம்.

முதல் ஆள் சர்க்கார் மதிப்பைச் சொன்னான். வழக்கப்படி நான் கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன். வாயை மூடிக்கொண்டேன்.

"ஒரு தரம்" என்றார் மேனேஜர்.

யாரும் பேசவில்லை. அந்தக் கூடத்தில் ஏழெட்டு இரும்புக் கடைக்காரர்கள் இருந்தார்கள். எல்லோரிடமும் டெபாசிட் சீட்டு இருந்தது. ஆனால் அது வேப்பூருக்காரர் சாமான். ஒருவர் கூரையைப் பார்த்தார். ஒருவர் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் எனக்குப் பின்னால் இருந்த சுவரில் தொங்கிய தலைவர் படத்தைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"ரெண்டு தரம்... என்னய்யா, இன்னிக்கு எல்லாரும் மௌன விரதமா?"

எனக்குப் புரிந்துவிட்டது. திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த தனபாலைப் பார்த்தேன். அவர் விலை கேட்டிருக்கலாம். கேட்டால், ஆள் இல்லாத நேரத்தில் சாமானைத் தட்டிவிட்டான் என்ற பேர் காலத்துக்கும் நிற்கும். அந்தத் தொழிலில் திருட்டுச் சாமான் வாங்கினால்கூட மன்னிப்பார்கள், அதை மன்னிக்க மாட்டார்கள்.

அரசாங்கத்தை ஏமாற்றுவதற்காக அவர்கள் போட்டுக்கொண்ட கட்டுப்பாடு அது. அதைக் கட்டிக் காத்தபடி அத்தனை பேரும் வாய் பேசாமல் உட்கார்ந்திருக்க, மரப்பிடி மேசையில் விழுந்தது.

மெஸ்ஸில் இலை போட்டபோது

வேப்பூருக்காரர் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மெஸ்ஸில் இலை போட்டு உட்கார்ந்திருந்தோம். அவர் வாசலில் வந்து நின்றதும் வெளிச்சம் குறைந்தது.

"எவன்டா அது என் வண்டிய எடுத்தவன்?"

தனபால் என்னைக் காட்டினார். வேப்பூருக்காரர் என்னை மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தார்.

"இவனா? இவன் போட்டிருக்கறது உன் சட்டதான தனபாலு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன்.

"சிரிக்கிறான் பாரு. டேய், சாப்ட்டுட்டு எழுதிக் குடுத்துட்டுப் போ. வண்டி என் பேருக்கு."

டெபாசிட் தனபால் கட்டியது. மீதியையும் அவர்தான் கட்டியிருந்தார். ஆனால் ரசீது என் பேரில் இருந்தது. உரக்கிடங்கில் சாமானை வெளியே விட நான் நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். அதுவும் ஒரு வாரத்துக்குள். என் வாழ்க்கையில் அதுவரை என் கையெழுத்துக்காக யாரும் காத்திருந்ததில்லை.

ரசம் ஊற்றிக்கொண்டே சொன்னேன்: "போடறேண்ண. எட்டு வண்டிக்கு."

"என்னாது?"

"ஒம்போதுல ஒண்ணு எனக்கு வேணும்."

மெஸ்ஸே நின்றுவிட்டது. வேப்பூருக்காரர் தனபாலைப் பார்த்தார். "என்னாய்யா, உன் சட்ட பேசுது?"

"எனக்குத் தெரியாதுண்ண" என்றார் தனபால். அவர் குரலில் சிரிப்பு இருந்த மாதிரி இருந்தது.

"நீ என்னா பண்ணப் போற வண்டிய வச்சிக்கிட்டு? வூடு இருக்குதா உனக்கு, நிறுத்தறதுக்கு?"

"இல்லீங்க. அது ஒருத்தங்களோடது. அடுப்புக்கு ஓட்ட போட்டது. இட்லிக் கட."

"அப்ப தர்மம் பண்றியா? எங்காசுல?"

"உங்க காசு எதுவும் இல்லீங்களே" என்றேன். "நீங்கதான் கேட்டுலயே நின்னுட்டீங்களே."

அடி விழும் என்று நினைத்தேன். முதுகை ஒடுக்கிக்கொண்டேன். வேப்பூருக்காரர் பக்கத்து இலையில் உட்கார்ந்தார். பெஞ்சு முனகியது. "சோறு போடுப்பா" என்றார் பரிமாறுகிறவரிடம். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "ஓட்ட போட்ட பலக எனக்கு எதுக்கு? இரும்பு மட்டுந்தான் கேக்குறன். ஒண்ணு போனாப் போவுது. எழுது" என்றார்.

ஆளே நிற்கணும்

வண்டியை உரக்கிடங்கில் இருந்து வெளியே எடுத்த அன்று பவுனக்கா வந்திருந்தார். அழுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் குனிந்து சக்கரங்களைத்தான் பார்த்தார்.

"டயரு வெடிச்சுப் போச்சு. அந்தப் பச்ச வண்டி டயரு நல்லா இருக்குது. மாத்திக்க."

"அது வேப்பூராரோடதுக்கா."

"அவருக்கு இரும்புதான வேணும்? ரப்பர கிலோ போட மாட்டாரு."

மாற்றிக்கொண்டோம். அதன் பிறகுதான் அவர் கேட்டார்: "சீட்டு யாரு பேருல இருக்குது?"

"என் பேருல. உங்களுக்கு எழுதிக் குடுத்துடறன்."

"நீ எழுதுன எழுத்து யாருக்குத் தெரியும்? போன தடவ சீட்டு இல்லன்னாங்க. இந்த தடவ சீட்டு இருந்தா, சீட்டுல உள்ள ஆளு எங்கன்னு கேப்பாங்க. ஆளே நிக்கணும். காலயில வந்து தட்டு கழுவு. சாப்பாடு போடறன்."

இப்படித்தான் மாட்டிக்கொண்டேன். காலையில் கடலூர் ரோட்டில் தட்டு கழுவுவது, பிறகு தனபால் கடையில் மூட்டை. ரசீதை பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் வைத்திருப்பேன். பனி போய் வெயில் வந்தது. பழகிய அரிப்பு காலில் ஆரம்பித்தது. லாரிக்காரர்கள் இட்லி தின்றுகொண்டே பேசுகிற ஊர்ப் பேர்கள் காதில் விழும்போது தட்டைக் கழுவிய கை அப்படியே நிற்கும். பவுனக்காவுக்கு அது தெரிந்திருந்தது. "எந்த ஊருல இப்ப நிக்கிற?" என்பார். "சாம்பார ஊத்து."

கிளம்பியிருக்கலாம். யாரும் கட்டிப்போடவில்லை. ஆனால் அந்த ரசீதை வைத்திருக்கும்போது ஊரை விட்டால், அந்த அம்மா வண்டி மறுபடியும் கேக்க ஆளில்லாத வண்டி ஆகிவிடும்.

கழிவு

ஒரு காலை ஆக்கிரமிப்பு அகற்றுகிற லாரி வந்தது. புது அதிகாரி. எங்களை முன்னே பின்னே தெரியாதவர். இடுப்பில் இருந்த பிளாஸ்டிக் பையைப் பிரித்து ரசீதை எடுத்தேன். நகராட்சி முத்திரை மேலே தெரிகிற மாதிரி நீட்டினேன்.

"நீங்களே வித்த வண்டிதான் சார் இது. நான்தான் ஏழுமலை."

அதிகாரி முழுவதும் படித்தார். நிதானமான ஆள். "சரிதான். ஆனா இதுல என்ன எழுதியிருக்குது பாரு. பயன்படாத வண்டிகள், கழிவு இரும்பாக. வண்டின்னு விக்கல. கழிவுன்னுதான் வித்திருக்குது. கழிவ ரோட்டுல நிறுத்தி வியாபாரம் பண்ண முடியாது."

அத்தனை மாதம் இடுப்பில் வைத்திருந்த காகிதம் ஒரு வரியில் முடிந்துபோனது. லாரியில் இருந்து இரண்டு பேர் குதித்து இறங்கி வண்டியைப் பிடித்தார்கள்.

பவுனக்கா இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தார். ஆவி அவர் முகத்தை மறைத்தது.

"சார், இது கழிவுங்களா?"

"ஆமாம்மா. சீட்டுல அப்பிடித்தான் இருக்குது."

"கழிவ அள்ளணும்னா துப்புரவு வண்டி வரணும். நீங்க ஆக்கிரமிப்பு ஆளுங்க. நீங்க எதுக்கு சார் கழிவு அள்றீங்க? வண்டின்னா சொல்லுங்க, நீங்க அள்ளலாம். ஆனா வண்டின்னா நீங்களே இந்தத் தம்பிக்கு வித்தது. ரெண்டுல ஒண்ணு சொல்லிட்டு தூக்குங்க."

தின்றுகொண்டிருந்த பீங்கான் கம்பெனி ஆட்கள் சிரித்துவிட்டார்கள். ஒருவருக்குப் புரையேறியது. வண்டியைப் பிடித்த இரண்டு பேரும் அதிகாரியைப் பார்த்தார்கள். அவர் ரசீதை மறுபடியும் ஒருமுறை படித்தார்.

"சாக்கடைக்கு அந்தாண்ட தள்ளி வைம்மா" என்றார் கடைசியில். "ரோட்டுல சக்கரம் வரக்கூடாது."

"அந்தாண்டயே வெக்கிறன் சார். ஒரு இட்லி சாப்ட்டுட்டுப் போங்க. கழிவுல வெந்ததுதான், பரவால்லையா?"

அவர் சாப்பிடவில்லை. ஆனால் சிரித்தபடிதான் லாரியில் ஏறினார்.

வண்டியைச் சாக்கடைக்கு அந்தப் பக்கம் தள்ளி நிறுத்தி, கல் வைத்து முட்டுக் கொடுத்தேன். ரசீதை மடித்துக்கொண்டிருந்தபோது பவுனக்கா கையை நீட்டினார். கொடுத்தேன். அதைப் படிக்காமல் ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டார்.

"என்னா பேசணும்னு இப்ப எனக்குத் தெரிஞ்சு போச்சு" என்றார். "இனிமே ஆளு நிக்க வேணாம். நீ கெளம்பணும்னா கெளம்பு தம்பி."

"அப்பிடி எல்லாம் ஒண்ணும் இல்லக்கா."

"ஆமா, ஒண்ணும் இல்ல. தட்ட ரோட்டப் பாத்துக்கிட்டுக் கழுவுறவன எனக்குத் தெரியாது பாரு."

அவர் பொட்டலம் கட்ட வாழை இலையைக் கிழித்து, செய்தித்தாளை அதற்கு அடியில் விரித்தார். எந்த ஊர் என்று கேட்கவில்லை. எத்தனை இட்லி என்று மட்டும் கேட்டார்.